அண்ணன் போனில் என் வீடு

மீமிசல்
3.7.2025

அனுப்புநர்:
சூ. மோகனப்ரியா, பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்),
க/பெ. சூர்யபிரகாஷ்,
படகு இன்ஜின் ஒர்க்‌ஷாப் பின்புறம்,
மீமிசல்.

பெறுநர்:
திரு. பி. செம்மல் அவர்கள்,
உரிமையாளர், செம்மல் கம்ப்யூட்டர்ஸ்,
திருக்கோகர்ணம், புதுக்கோட்டை.

பொருள்: தங்கள் கைபேசி எண்ணிலிருந்து என்னையும் என் மகளையும் விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மேற்படி முகவரியில் வசிக்கும் நான், இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை தங்கள் உடன்பிறந்த தங்கையாக இருந்து வந்தேன். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஒன்பதாம் மாதம் நடக்கிறது. இதை நான் தங்களுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் தங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் இம்மனுவின் சாரம்.

எங்கள் அங்கன்வாடியில் பிள்ளைக்குச் சத்துமாவு வாங்க, இனிமேல் தாயின் முகத்தைப் போனில் படம் பிடித்துப் பதிய வேண்டுமாம். முகத்துக்கு முன்னால் ஆதார் எண். ஆதார் எண்ணுக்குப் பின்னால் ஓடிபி. இன்று காலை பணியாளர் செவந்தி அக்கா என் ஆதார் எண்ணைத் தட்டினார். இருவரும் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அது வாயைத் திறக்கவில்லை.

“என்னம்மா, ஒன் போன்ல டவர் இல்லையா?” என்றார்.

“டவர் இருக்குக்கா. நாந்தான் இந்தப் போன்ல இல்ல” என்றேன்.

ஐயா, இதற்கு மேல் ஐயா போட்டு எழுதக் கை வரவில்லை. அண்ணே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா?

நான் பிளஸ் டூ படிக்கும்போது கடை திறந்தாய். தெருவில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. “நம்ம நம்பரப் போட்டுக்கலாம், ஓடிபி நம்ம கைக்கே வரும், வேல சுளுவா முடியும்” என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் உன் எண்ணைப் போட்டாய். எனக்கும் அதையே போட்டாய். அன்றைக்கு எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ரேஷன் வந்தது, பேங்க் வந்தது, மாசமானபோது ஆஸ்பத்திரிப் பதிவும் வந்தது. நான் சூர்யாவோடு திருமணப் பதிவுக்குப் போன அன்றைக்கு, ஆதார் எண்ணைத் தட்டிய மறு நொடியே உன் பாக்கெட்டில் மணி அடித்தது. அரை மணி நேரத்தில் நீ பதிவு ஆபீஸ் வாசலில் நின்றாய். ஊரே பார்க்க என்ன பேசினாய் என்பதை எழுதி இந்தத் தாளைப் பாழாக்க விரும்பவில்லை. சாதி என்ற சொல்லை மட்டும் நீ வாயால் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னாய்.

அப்போது விட்டுப் போன பேச்சை இப்போது ஒட்ட வைக்க இதை எழுதவில்லை. ஆறு எண் உன் போனில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஏன் தபாலில் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன். தொட்டில் வாங்கலாமா என்று இவரிடம் வாயால் கேட்டதற்கே மறுநாள் முழுக்கத் தொட்டில் விளம்பரமாகக் காட்டிய போன் அது. நம் சண்டையும் அதற்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது இரண்டுதான். வந்த ஓடிபியை அனுப்பு. பிறகு, உன் எண்ணிலிருந்து எங்களை எடுத்துவிடு.

இப்படிக்கு,
மோகனப்ரியா


திருக்கோகர்ணம்
9.7.2025

மோகனாவுக்கு,

உன் மனு கிடைத்தது. கடையில் நாலு பேர் இருக்கும்போது பிரித்துத் தொலைத்துவிட்டேன். “என்ன செம்மலு, கோர்ட்டு நோட்டீசா?” என்று பக்கத்துத் தையல் கடைத் திலகவதி அக்கா எட்டிப் பார்த்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தேதி காலை 11.42க்கு வந்த ஓடிபி 481907. பத்து நிமிஷத்தில் அது செத்துப்போய்விட்டது. செத்த நம்பரைத் தபாலில் அனுப்பச் சொன்ன பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். உன்னைப் படிக்க வைத்தவன் நான். என்னைச் சொல்ல வேண்டும்.

நான் ஊருக்கு உபகாரம் செய்தேன். நீ அதைக் குற்றப் பத்திரிகையாக எழுதியிருக்கிறாய். விதவைப் பென்ஷனுக்குப் படி ஏறி ஏறி முட்டி தேய்ந்தவர்கள் இன்றைக்கு என் கடையில் கட்டைவிரல் வைத்துவிட்டு, டீ ஆறுவதற்குள் வீட்டுக்குப் போகிறார்கள். செத்தவன் பேரில் அரிசி வாங்கித் தின்ற கூட்டம் அடங்கியிருக்கிறது. யாரால்? நீ திட்டுகிற இந்த மெஷினால். கவர்மெண்ட் முகத்தைக் கேட்டால் காட்டிவிட்டு மாவை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே! மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு? நீ என்ன கொள்ளையடித்து வைத்திருக்கிறாய்?

சரி, வேலையைப் பார்ப்போம். 16ஆம் தேதி, புதன்கிழமை, பகல் பதினோரு மணிக்கு அங்கன்வாடியில் நம்பரைத் தட்டச் சொல். எனக்கு ஓடிபி வந்ததும் அந்தச் செவந்தி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். உன்னோடு நான் பேச வேண்டியதில்லை. நீயும் என்னோடு பேச வேண்டியதில்லை. அவர் நம்பரை நீ எழுதி அனுப்ப வேண்டாம், என்னிடம் இருக்கிறது. உனக்கு வருகிற மெசேஜில் எல்லாம் கீழே அவர் பேரும் நம்பரும்தான் இருக்கிறது.

எங்களை எடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். அது நினைத்தவுடன் நடக்கிற காரியம் இல்லை. அதில் நிறைய நடைமுறை இருக்கிறது. பார்க்கலாம்.

அம்மா பேரை வைத்திருக்கிறாய். ‘குழந்தையின் பெயர்: அழகி.’ அதையும் ஒரு மெசேஜ்தான் எனக்குச் சொன்னது.

ஒன்பதாம் மாத ஊசிக்கு நாள் வந்துவிட்டது என்று நேற்று வந்திருக்கிறது. மறந்துவிடாதே.

செம்மல்


மீமிசல்
20.7.2025

அண்ணே,

ஊசி போட்டு மூன்று நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். தோளை விட்டு இறங்கவில்லை. அதனால்தான் பதில் தாமதம். போட்ட தேதி உனக்கு வந்திருக்கும். அழுத அழுகை வந்திருக்காது.

புதன்கிழமைக் கூத்தைக் கேள். பதினோரு மணிக்கு நீ ஓடிபி சொன்னாய், சரி. அடுத்தது முகம். செவந்தி அக்கா போனை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தார். கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது. சிமிட்டினேன். ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. வெளிச்சத்துக்கு வந்தோம். பொருந்தவில்லை. பொட்டை எடுத்தேன். பொருந்தவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே சிரிப்பு. “கல்யாணத்துக்கு முந்தி வச்சிருந்த மூஞ்சியக் கேக்குது. பொறந்த வீட்ல விட்டுட்டு வந்தியா?” என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை பசியில் கத்துகிறாள். கடைசியில் செவந்தி அக்காதான், “ஆதார் போட்டோவுல எப்புடி இருந்த?” என்று கேட்டார். பதினேழு வயசு, ரெட்டைச் சடை, உன் கடையில் நீ எடுத்தது. உடனே சீப்பை எடுத்து என் தலைமுடியை இரண்டாக வகிர்ந்து பின்னிவிட்டார். பொருந்திவிட்டது.

இருபத்தைந்து வயதில், இடுப்பில் பிள்ளையோடு, ரெட்டைச் சடை போட்டு முகம் காட்டித்தான் என் மகளின் மாவை வாங்கி வந்தேன். ஒன்பது மாதமாகப் பிள்ளைக்கு எடை போட்டுவருகிற செவந்தி அக்காவுக்கு என்னைத் தெரியாதா? தெரியும். ஆனால் அவருக்குத் தெரிவது செல்லாதாம். போனுக்குத் தெரிய வேண்டுமாம். போனுக்குத் தெரியாவிட்டால் அவருக்கு மெமோ. “எனக்கு மட்டும் ஆசையா? எங்க மேடத்துக்கு மேல ஒரு மேடம், அவுங்களுக்கு மேல ஒரு மீட்டிங்” என்கிறார். அந்தப் படங்களை எல்லாம் கடைசியில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். “மேலேருந்து” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

உனக்குத் தெரியுமா? நீ பெரிய ஆள், சொல்லேன். என் முகம் எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? நாளைக்கு வேறு எதற்கோ எடுத்துக்கொண்டால் என்னிடம் கேட்பார்களா? படித்தவள் கேட்டால் ‘ஓவரா யோசிக்கிற’ என்கிறீர்கள். படிக்காதவர்களுக்குக் கேட்கத் தோன்றக் கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் யார்தான் கேட்பது?

இங்கே சில படகுகளில் ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். படகு கடலில் எங்கே நிற்கிறது என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியுமாம். போன மாதம் ஒரு படகில் இன்ஜின் நின்றுபோய், ஒரு பகல் முழுக்க அலையில் ஆடிக்கொண்டு கிடந்தது. பெட்டியில் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்ததாம். யாரும் வரவில்லை. பக்கத்தில் வலை போட்ட படகுக்காரர்கள் கண்டு கூப்பிட்டுத்தான் இவர் ஸ்பேனரோடு போய் இழுத்து வந்தார். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அது உன் மெஷினுக்குத் தெரியாது. உனக்கும் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

மடியில் கனமில்லை என்றால் என்ன பயம் என்று கேட்டாய். என் மடியில் பிள்ளை இருக்கிறாள். அதைவிட என்ன கனம் வேண்டும்?

கவர்மெண்ட் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது என்று நீ சொல்லுவாய். இருக்கட்டும். உன் கடைப் பூட்டு எங்கே? கல்லூரி விட்டு வந்து உன் கடையில் உட்கார்ந்தவள் நான். தப்பாக விழுந்த ஆதார் ஜெராக்ஸை எல்லாம் மூட்டையாகக் கட்டி எதிர் டீக்கடைக்குப் பஜ்ஜி மடிக்கக் கொடுப்பாயே, இன்னும் கொடுக்கிறாயா?

இன்னொன்று. செவந்தி அக்கா சொன்னார்: “ஆறு நம்பரச் சொல்லிட்டு ஒங்கண்ணன் போன வைக்கவே இல்ல. இங்கிட்டுப் பிள்ள அழுதுக்கிட்டு இருந்துச்சு. அத அப்புடியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. நாந்தான் வச்சேன்.”

எதற்கு?

மோகனா


திருக்கோகர்ணம்
27.7.2025

மோகனா,

பஜ்ஜிக் கடை வரைக்கும் போய்விட்டாய். நல்லது. உன் சோற்றுக்கு நான் உழைத்த கடை அது. அங்கே உட்கார்ந்து தின்ற பஜ்ஜியை வைத்தே என்னைக் குத்துகிறாய். அந்தப் பேப்பரை எல்லாம் யாரும் படிப்பதில்லை, எண்ணெய் ஒற்றத்தான். பைத்தியம் மாதிரி எழுதாதே.

நீ எழுதுகிறதைப் பார்த்தால், கவர்மெண்ட் வேறு வேலை இல்லாமல் மீமிசலில் ஒருத்தி ரெட்டைச் சடையை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது போல இருக்கிறது. கோடிக்கணக்கான பேரில் நீ ஒரு வரி. உன்னை எவன் தேடப் போகிறான்?

போனை ஏன் வைக்கவில்லை என்றால், கையில் வேலை இருந்தது, மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஒரே ஒரு போட்டோ அனுப்பு. வாட்ஸ்அப்பில் போதும். பிள்ளையின் எடை என்ன, ஊசி என்னைக்கு என்று எல்லாம் எனக்கு வருகிறது. மூஞ்சி மட்டும் வரவில்லை. அம்மா ஜாடையா, அங்கிட்டு ஆட்கள் ஜாடையா? மாமன் கேட்கிறேன். யாரோ கேட்கவில்லை.

செம்மல்


மீமிசல்
8.8.2025

அண்ணே,

போன கடிதத்தைப் போடப் போனபோது, தபால் ஆபீசில் ஷர்லி என்ற பெண் இருந்தாள். ஸ்டாம்ப்பை ஒட்டிக்கொண்டே, “இந்தக் காலத்துல யாருக்குக்கா லெட்டர்?” என்று கேட்டாள். வாய் சும்மா இருக்காமல் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஆதார்ல போன் நம்பர் மாத்த பழைய நம்பருக்கு ஓடிபியே போகாதுக்கா. ஆதார் சென்டருக்கு நேர்ல போயி கட்டைவிரல வச்சாப் போதும். ஒங்கண்ணனே கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காருன்னு சொன்னீங்க, அவருக்குத் தெரியாதா?”

தெரியாதா அண்ணே?

‘அதில் நிறைய நடைமுறை இருக்கிறது, பார்க்கலாம்’ என்று எழுதினாயே. என்ன நடைமுறை? என் விரல், என் நம்பர். நடுவில் நீ எங்கே வந்தாய்? எட்டு வருஷமாக இதே தொழில். திருக்கோகர்ணத்தில் பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தெரிந்துகொண்டே என்னை மனுப் போட வைத்தாய், நாள் குறிக்க வைத்தாய். படித்தவள் நானும் தேடிப் பார்க்காமல் இருந்தேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வீட்டில் ஒரு ஆண்பிள்ளை நம்பரில்தான் எல்லாம் இருக்கும் என்று நம் தலையில் யாரோ எழுதியிருக்கிறார்கள். நானும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

கவர்மெண்ட் பார்ப்பதற்காவது ஏதோ ஒரு காரணம் சொல்கிறது. நீ பார்ப்பதற்கு என்ன காரணம்? ரெண்டு வருஷம் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் ரத்தம் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேனே, அதுவும் வந்திருக்கும். வந்ததா? படித்தாயா? படித்துவிட்டு என்ன செய்தாய்? ஒரு போன் போட்டாயா? பஸ் ஏறினாயா? அறந்தாங்கி போய் மாறினால் மூன்று மணி நேரம். கல்லாவில் உட்கார்ந்து படித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாய்.

போட்டோ கிடையாது. இங்கே யாருக்குமே அனுப்பவில்லை, ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. “அப்புடி என்ன ஒலக அழகி?” என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். அவளாக வளர்ந்து, அவளாக அவள் மூஞ்சியை யாருக்குக் காட்ட வேண்டுமோ காட்டிக்கொள்ளட்டும்.

உனக்கு எந்த மெசேஜும் சொல்லாத ஒரு செய்தி: ஆவணி 19, வியாழக்கிழமை, அழகிக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று இவர் உனக்குச் சொல்லச் சொன்னார். சொல்லியாயிற்று. வரச் சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆவுடையப்பன் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். “மாமன் வரலேன்னா என்னம்மா, என் மடி சும்மாத்தானே கெடக்கு” என்றார். அது போதும்.

வருகிற 18ஆம் தேதி விரல் வைக்கப் போகிறேன். அதற்குப் பிறகு உன் போனுக்கு எங்களைப் பற்றி எதுவும் வராது.

மோகனப்ரியா


திருக்கோகர்ணம்
14.8.2025

மோகனா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்ததை டீக்கடைக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தெரியும். விரல் வைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு நானே சொல்லி அனுப்புகிறேன். உனக்குச் சொல்லவில்லை.

போன அக்டோபர் ஒன்பதாம் தேதி சாயங்காலம், கடையில் கூட்டம். போன் அதிர்ந்தது. எடுத்தால், ‘வாழ்த்துகள். பெண் குழந்தை. 2.6 கிலோ.’ நான் மாமன் ஆனதை எனக்குச் சொன்னது அதுதான். யாரிடம் சொல்வேன்? பதிவு ஆபீஸ் வாசலில் நான் பேசியதை ஊரே கேட்டிருக்கிறது. எந்த வாயால் சொல்வது? சர்வர் போய்விட்டது என்று பொய் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். அப்புறம் ‘பெயர்: அழகி’ என்று வந்தது. அதிலிருந்து உன் மெசேஜ் ஒன்றையும் அழிக்கவில்லை. அந்த நம்பர் போய்விட்டால் நீ இருக்கிறாயா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் நடைமுறை, மயிரு என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரி மெசேஜ் வந்தது. படித்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அறந்தாங்கி பஸ் நின்றது. ஏறவில்லை. அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். உன் கடிதம் வந்த அதே நாள். ஒரு போன் வந்தது. “அழகியோட அம்மா மோகனப்ரியா வீடுங்களா?” என்றான். பிறந்த தேதி சொன்னான். 7.4 கிலோ என்றான். ஊசி போட்டது பதினாறாம் தேதி என்றான். பிள்ளை எடை குறைவாக இருப்பதால் சிறப்பு ஊட்டச்சத்துப் பெட்டி வந்திருக்கிறது, ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். என் தலைக்கு மேலே, நானே கொட்டை எழுத்தில் அடித்து ஒட்டிய போர்டு தொங்குகிறது: ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.’ அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நாலு எண் சொல்லிவிட்டேன் மோகனா. பிள்ளை பேரைச் சொன்னானே, அதில் மயங்கிவிட்டேன். நாலாவது எண்ணுக்கு அவன் என்னைக் கொஞ்சம் தாஜா பண்ண நினைத்தானோ என்னவோ, “பாப்பா இப்ப எப்புடி இருக்கா சார்? நல்லா வெளையாடுறாளா?” என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

அங்கேதான் வாய் நின்றது. தேதி, எடை, ஊசி. அவனுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும். அதற்கு மேல் ஒன்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் திருடன். நான் மாமன். வித்தியாசம் என்ன என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டேன். உன் பேங்க் அக்கவுண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். ஆனால் அவனுக்கு அதெல்லாம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. என் கடையிலிருந்தா, வேறு எங்கிருந்தாவதா? கேட்க ஒரு இடமும் இல்லை. எங்கே கேட்டாலும் ‘எங்கள் பக்கம் இல்லை’ என்கிறார்கள். எட்டு வருஷம் இந்த மெஷினுக்காக ஊரோடு சண்டை போட்ட எனக்கே அதுதான் பதில்.

எதிர்க் கடைக்குப் போய் டீயும் ரெண்டு பஜ்ஜியும் சொன்னேன். தின்றுவிட்டுக் கையைத் துடைக்கும்போது பேப்பரைப் பார்த்தால், எண்ணெயில் ஊறித் திலகவதி அக்கா சிரிக்கிறது. பேர், அப்பா பேர், பன்னிரண்டு நம்பரும் பளிச்சென்று தெரிகிறது. யாரும் படிப்பதில்லை என்று எழுதியவன் முதல் தடவையாகப் படித்தேன். மிச்சப் பேப்பர்க் கட்டை அப்படியே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். “பஜ்ஜிய எதுல மடிக்க, ஒன் தலையிலயா?” என்று கடைக்காரர் கத்தினார். வாழையிலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் நம்பரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எண்ணிவிட்டேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் நம்பரைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஆதார் சென்டருக்கு அனுப்புகிறேன். திலகவதி அக்காதான் முதல் ஆள். “ஒன் நம்பரே இருக்கட்டும்டா, எனக்கு ஓடிபி பாக்கத் தெரியாது” என்கிறது. சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

18ஆம் தேதி கட்டாயம் போ. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போ.

போட்டோ வேண்டாம். நீ எழுதியது சரி. காதுகுத்துக்கு நீ கூப்பிடவில்லை, நான் வரமாட்டேன். ஆவுடையப்பன் ஐயாவிடம் சொல், பிள்ளை தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும். திமிறினால் ஊசி தப்பும். உனக்குக் குத்தும்போது அப்படித்தான் ஒரு பக்கம் தப்பியது.

அண்ணன்


மீமிசல்
24.8.2025

அண்ணே,

18ஆம் தேதி விரல் வைத்தேன். மூன்று தடவை கழுவியும் எடுக்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டதாம். நாலாவது தடவை ஒப்புக்கொண்டது. போய் வந்த அலுப்பில் இரண்டு நாள் உன் மேல் எரிச்சல், மெஷின் மேல் எரிச்சல், இவர் மேல் எரிச்சல். அதனால்தான் தாமதம். ரேஷன், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முகம் கேட்கிறார்கள். ரெட்டைச் சடை பின்னிக்கொண்டே போகிறேன்.

உன்னைத் திட்டி எழுத எடுத்த பேனாவை, நாலு எண் சொன்னதைப் படித்ததும் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு படித்துப் படித்து ஊருக்குச் சொன்னவன்! பிள்ளை பேரைச் சொன்னால் யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவாயா? இதற்குத்தான் பயப்படுகிறேன் என்று ஒரு மாதமாக எழுதுகிறேன். புரியவே இல்லை உனக்கு. அவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் மிச்ச இரண்டு எண்ணையும் சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இன்னும் முழுக்கப் போகவில்லை. பதிவு ஆபீஸ் வாசல் அப்படியே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பினாய் பார், அதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சமைக்கவில்லை. இதை எல்லாம் நேரில்தான் பேச வேண்டும், தபாலில் ஆகாது. நேரில் கத்து, நானும் கத்துகிறேன்.

உன் போனுக்கு இனி எங்களிடமிருந்து ஒன்றும் வராது. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது. கீழே இரண்டு பல். மேலே ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டிலைப் பிடித்து நிற்கிறாள், விட்டால் பொத்தென்று உட்கார்ந்து நம்மை முறைக்கிறாள். மாவுக் கஞ்சியைத் துப்புகிறாள். ஐஸ் வண்டி மணி கேட்டால் தலையை ஆட்டுகிறாள். இவர் கையில் இருக்கும் கிரீஸ் மணம் இல்லாமல் தூங்குவதில்லை. அம்மா ஜாடை இல்லை, அங்கிட்டு ஜாடையும் இல்லை. முறைக்கும்போது மட்டும் உன் ஜாடை. அதை எந்த மெஷினிலும் பதிய வேண்டாம் என்றுதான் நானும் பார்க்கிறேன்.

ஆவுடையப்பன் ஐயாவிடம் சொல்லிவிட்டேன், மடி வேண்டாம் என்று. “பரவால்லம்மா, எனக்கு மூட்டுவலி மிச்சம்” என்றார்.

மேப்பைப் போட்டு வராதே. அது எங்கள் வீட்டைக் கடலுக்குள்ளே காட்டுகிறது. மீமிசலில் இறங்கி ஒர்க்‌ஷாப் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வியாழக்கிழமை காலையில்தான் காதுகுத்து. நீ புதன்கிழமையே வந்துவிடு. புது ஆளைக் கண்டால் அழுவாள், தூக்கினால் கடிப்பாள். ஒரு ராத்திரி இருந்து முகம் பழகட்டும்.

மோகனா